பக்கத்துத் தோள்

உங்களோடு பேசும்போது அவர் உங்கள் வாயைப் பார்ப்பார். பேசாமல் இருக்கும்போது தோளைப் பார்ப்பார். கண்ணை மட்டும் பார்க்கவே மாட்டார். இதனால் தேனியில் அவரைப் பற்றி இரண்டு கருத்துகள் இருந்தன. கூச்ச சுபாவம் என்று சிலர் சொன்னார்கள். தலைக்கனம் என்று பலர் சொன்னார்கள். ரொம்ப நாள் வரைக்கும் நான் அந்தப் பலரில் ஒருவன்.

வங்கிகளுக்கும் ஏ.டி.எம்.களுக்கும் பணம் கொண்டுபோகும் வண்டியில் நாங்கள் இரண்டு பேரும் துப்பாக்கிக்காரர்கள். கன்மேன் என்று சொன்னால்தான் எல்லோருக்கும் புரியும். மதுரையில் இருந்த ஒரு கம்பெனி எங்களை வேலைக்கு வைத்திருந்தது. காலையில் தேனியில் ஏறினால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று போவோம். சில நாள் மலையேறிக் குமுளிக்கும் போய்த் திரும்புவோம். நான் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் பின்னால் பணப்பெட்டியோடு இருப்பார். நடுவில் ஓர் இரும்புத் தகடு. இருவருமே பட்டாளத்திலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் அவர் பீரங்கிப் படை. நான் பட்டாளத்தில் பருப்புக்கும் கோதுமைக்கும் காவல் இருந்தவன். அதனால் அவர்மேல் எனக்கு முதலிலேயே கொஞ்சம் காய்ச்சல் உண்டு.

டீக்கடையில் யாராவது வேடிக்கையாக ஒன்று சொன்னால் நாங்கள் எல்லோரும் சிரித்து முடிக்கும் நேரத்தில் அவர் சிரிக்க ஆரம்பிப்பார். "வந்துருச்சுப்பா கடைசி பஸ்சு," என்பான் எங்கள் டிரைவர். அவன் கூடலூர்க்காரன், வாய்த்துடுக்கு அதிகம். வீரபாண்டி கோயிலில் தீபாராதனை மணி அடிக்கும். கூட்டமே கையைத் தூக்கிக் கும்பிடும். இவர் பக்கத்து ஆளின் கை எழும்பியதும்தான் தன் கையைத் தூக்குவார். ஆமை புகுந்த வீடு என்று சொல்வார்களே, அது மாதிரி எங்கள் வண்டிக்குள் ஆமை புகுந்துவிட்டதென்று நான் டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவருடைய மனைவிக்குத் தெருவில் நல்ல பெயர் இல்லை. அந்த அம்மா பேசினால் தெருக்கோடி அடிகுழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆம்பிளைக் குரலில், அடித்தொண்டையிலிருந்து, "சோறு வைக்கவா?" என்று கேட்பது நாலு வீட்டுக்குக் கேட்கும். "பாவம் அந்த மனுசன், வீட்டுல வாயத் தொறக்க விடமாட்டா போல," என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் இவருக்காக இரக்கப்பட்டார்கள். கலியாணமான புதிதில் அந்த அம்மாவின் குரல் அப்படி இல்லை என்று எனக்கு யாரோ சொன்னபோது, கலியாணமானால் எல்லோர் குரலும் அப்படித்தான் ஆகும் என்று நான் சிரித்தேன். மகளைப் போடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் போனில் கூப்பிட்டால் இவர் பேசமாட்டார். "ஆத்தாகிட்டப் பேசு," என்று சொல்லி மனைவி கையில் கொடுத்துவிடுவார். பெற்ற மகளிடமே இந்த வீம்பா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

வீம்பு என்று நான் முடிவே கட்டியது குமுளி மலைப்பாதையில் நடந்த ஒரு சங்கதிக்குப் பிறகு. மழை நாள். லோயர் கேம்ப்புக்கு மேலே ஒரு வளைவில் மரம் விழுந்து கிடந்தது. டிரைவர் மரத்தைப் பார்க்க முன்னால் நடந்தான். அவர் துப்பாக்கியோடு வண்டிக்குப் பின்னால் இறங்கி நின்றார். நான் ஓரத்தில் பாசியில் கால் வைத்து வழுக்கி, பாதையோரக் கால்வாயில் விழுந்தேன். கணுக்கால் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டது. வலி உயிர் போனது. "அண்ணே! அண்ணே!" என்று கூப்பிட்டேன். வலியில் குரல் கீச்சென்றுதான் வந்தது. கூப்பிடு தூரத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற மனிதர் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை முறை கூப்பிட்டேனோ தெரியாது. மலையிலிருந்து பைக்கில் இறங்கிவந்த ஒருவன் என்னைக் கைகாட்டிய பிறகுதான் அவர் திரும்பினார். திரும்பியதும் ஓடிவந்தார். என்னைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு வண்டிக்கு நடந்தார். தூக்க ஆரம்பித்ததிலிருந்தே அவரைக் கெட்ட வார்த்தையில் வைதேன், முதுகில் ஏறிய பிறகும் நிறுத்தவில்லை. கால் சரியாகி வேலைக்கு வந்த பிறகும் பல நாள் அவரோடு நான் பேசவில்லை.

எங்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை சுடுகிற பரீட்சை வைப்பார்கள். தேனிக்கு வெளியே, ஓடாமல் கிடந்த ஒரு பஞ்சு ஜின்னிங் மில்லின் தகரக் கொட்டகையைத் துப்பாக்கிக் கிளப்காரர்கள் உள்ளரங்கமாக மாற்றி வைத்திருந்தார்கள். பக்கச் சுவர் முழுக்க மணல் மூட்டை. எதிர்ச்சுவரில் மண்மேடும் அதன்மேல் அட்டைகளும். தலைக்கு மேலே பழைய இரும்புச் சட்டங்களில் புறாக் கூட்டம். கிளப்பின் செயலாளர் போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்த்தவர். அவருடைய மருமகன் வெளிநாட்டிலிருந்து ஒரு ஷாட் டைமர் வாங்கிவந்து கொடுத்தான். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. பட்டனை அமுக்கினால் உடனே கூவாது. சில சமயம் சட்டென்று கூவும், சில சமயம் நம் உயிரை வாங்கிவிட்டுக் கூவும். மனதுக்குள் எண்ணி ஏமாற்ற முடியாதபடி அப்படிச் செய்திருந்தார்கள். கூவல் கேட்டதும் துப்பாக்கியை உயர்த்திச் சுடவேண்டும். வெடிச் சத்தத்தை அந்தப் பெட்டியே கேட்டுக்கொண்டு, கூவலுக்கும் கடைசிக் குண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று காட்டும்.

செயலாளர் அதைக் குழந்தை மாதிரி கையில் வைத்துக்கொண்டு திரிந்தார். முதல் நாள் எங்கள் இருவரையும் அடுத்தடுத்து நிறுத்தினார். ஆளுக்கு இரட்டைக் குழல், இரண்டு தோட்டா. நான்கு முறை சுட்டோம், பெட்டி ஐந்து என்று காட்டியது. தகரக் கூரையின் எதிரொலியையும் அது குண்டாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. "மெஷினுக்குக் காது ரொம்பக் கூர்மை," என்று அவர் பெருமையாகச் சொல்லிவிட்டு எதையோ திருகிக் குறைத்தார். ஒரு வண்டியில் போகிற இருவரும் சேர்ந்து நின்று சுடவேண்டும், இருவரில் கடைசியாக வெடித்த குண்டின் நேரம்தான் இருவருக்கும் நேரம் என்று கம்பெனியும் கிளப்பும் பேசி வைத்துக்கொண்டார்கள். கடைசி பஸ்சோடு என்னைக் கோர்த்துவிட்டார்களே என்று எனக்கு ஒரே ஆத்திரம். ஆனால் நேரம் வந்தது மோசமில்லை. நான் சுட்டுமுடித்த சூட்டோடு அவரும் முடித்துவிடுவார். எல்லோரும் காதை அடைக்கிற மூடியை மாட்டிக்கொண்டுதான் நிற்போம். அவர் மட்டும் மாட்டமாட்டார். "தலைய அமுக்குது," என்பார். பீரங்கிக்காரர் பந்தா என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அடுத்த வருடப் பரீட்சையில்தான் எனக்கு விளங்கியது. இருவரும் கோட்டில் நின்றோம். செயலாளர் பட்டனை அமுக்கிவிட்டார். கூவலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நேரம் பார்த்து மேலே இருந்த புறா என் பின்கழுத்தில் எச்சமிட்டது. வெதுவெதுப்பாக விழுந்ததில் என் தோள் துள்ளியது. துள்ளியதுதான் தாமதம், பக்கத்தில் அவருடைய துப்பாக்கி எழுந்து இரண்டு குழலும் வெடித்தன. கொட்டகையே அதிர்ந்தது. "யோவ்! இன்னும் கூவலய்யா!" என்று செயலாளர் கத்தினார். கத்தி முடித்த பிறகு அந்தப் பெட்டி தன்பாட்டுக்கு நிதானமாகக் கூவியது. நாங்கள் எல்லோரும் அதைத் திரும்பிப் பார்த்தோம். என் பக்கத்தில் நின்றவர் பார்க்கவில்லை.

"இம்புட்டு அவசரமாண்ணே?" என்று மற்ற கன்மேன்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், வழக்கம்போலக் கடைசியாக. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதர் எதிலும் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. என் தோள் துள்ளாமல் இவர் துப்பாக்கி எழும்பியிருக்காது என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. மலைப்பாதையும் மகளின் போனும் வீரபாண்டிக் கோயில் மணியும் எல்லாம் ஒன்றாக வந்து மண்டையில் இடித்தன.

செயலாளர் எங்களை மறுபடி நிறுத்திச் சுடவைத்ததில் தேறிவிட்டோம். சாயங்காலம் அவரை மட்டும் டீக்கடைக்குக் கூட்டிப்போனேன்.

"அண்ணே, அந்தப் பெட்டி கூவுறது ஒங்களுக்குக் கேக்குதா?"

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீயைக் கீழே வைத்தார்.

"இடி கேக்கும். பஸ் ஆரன் கேக்கும். நீ பேசுறது கேக்கும், ஒனக்கு எருமைக் கொரலு. சன்னமான சத்தம் ஒண்ணுமே கேக்காது தம்பி. கொலுசு, குருவி, குக்கரு விசிலு, எம் மக பேசுறது. எல்லாத்தையும் பீரங்கிகிட்டக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"எப்ப இருந்து?"

"பட்டாளத்துலயே. அங்கன சொல்லியிருந்தா அப்பவே வீட்டுக்கு அனுப்பியிருப்பாக. புள்ள அப்பப் படிச்சுக்கிட்டிருந்துச்சு. இங்கன வந்து காதுல மிசின மாட்டிக்கிட்டா எவன் கையில துப்பாக்கி குடுப்பான்?"

"அன்னைக்கு மலையில நான் கத்துனது?"

"தூக்குறப்பதேன் ஒன் வாயப் பாத்தேன். அழுதுக்கிட்டே வஞ்ச. வஞ்சாத்தேன் வலி கொறையும்னு விட்டுட்டேன்."

அவர்மேல் எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் அது பாதி உண்மை. பயமாகவும் இருந்தது. "பின்னால ஒக்காந்திருக்கிற ஆளுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டு நான் எப்படிண்ணே முன்னால ஒக்கார்றது? எவனாவது வந்து என் சங்க அறுத்தாலும் ஒங்களுக்குத் தெரியாதே!" என்று கேட்டேன். கேட்டது தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவரும் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என் தோளைப் பார்த்தார்.

"நடுவுல தகடு இருக்குல்ல, அதுல தட்டு. நான் முதுகச் சாச்சுத்தேன் ஒக்காந்திருப்பேன். கேக்காது, ஆனா தெரியும்."

மறுநாளிலிருந்து அதுதான் எங்கள் பாஷை. ஒரு தட்டு என்றால் எச்சரிக்கை. அடுத்தடுத்து இரண்டு தட்டு என்றால் இறங்கு. பள்ளத்தில் வண்டி இறங்கும் சத்தத்திலும் சந்தைக் கூச்சலிலும் என் குரல் எடுபடாத இடத்தில்கூடத் தட்டு எடுபட்டது. டிரைவர் என்ன ஏது என்று கேட்டான். பழைய பாட்டுக்குத் தாளம் போடுகிறேன் என்று சொன்னேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குக் கம்பத்தில் நடந்த ஒன்றும் காரணம். கடைவீதியை ஒட்டிய வங்கியிலிருந்து பெட்டி வெளியே வந்துகொண்டிருந்தது. நான் சாலையில் நின்று ஆட்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். எங்கேயோ பஸ் ஹாரன் விடாமல் அடித்தது. கம்பம் கடைவீதியில் ஹாரன் அடிக்காத நேரம் எது? நான் திரும்பவில்லை. அவர் எதிர் டீக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், தாவிவந்து என் காலரைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்தார். நான் நின்ற இடத்தை உரசிக்கொண்டு பிரேக் பிடிக்காத பஸ் போய் மின்கம்பத்தில் மோதி நின்றது. சட்டையில் பட்டன் ஒன்றுகூட மிச்சமில்லாமல் நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன்.

"ஒங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சுச்சு?"

"டீ குடிச்சவுக அம்புட்டுப் பேரு தோளும் ஒரே பக்கமாத் திரும்புச்சு. அப்ப அந்தப் பக்கம் என்னமோ வருதுன்னு அர்த்தம். நீங்க காதுள்ளவுக, சத்தத்த நம்பி அசால்ட்டா நிக்கிறீக."

இதை இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் அவர் இல்லை. துப்பாக்கி வேலை போன பிறகு பைபாஸ் சாலையில் ஒரு வாழைத்தார் குடோனில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அங்கே கையில் விசிலும் தடியும்தான். ஒரு நாள் மத்தியானம் குடோன் வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தார். லாரி ஒன்று பின்னால் நகர்ந்து வந்தது. பின்னால் வரும்போது இந்தக் காலத்து லாரிகள் கீகீ என்று ஒரு சத்தம் போடுமே, அதைப் போட்டுக்கொண்டேதான் வந்திருக்கிறது. லாரி டிரைவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை. பக்கத்தில் ஒரே ஓர் ஆள் நின்றிருந்தால் போதும், அந்த ஆள் விலகுவதைப் பார்த்து இவரும் விலகியிருப்பார். சாப்பாட்டு நேரம் என்று வழக்கமாகக் கூட நிற்கிற ஆளும் போயிருந்தான். இவர் குனிந்து தார்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

சாவு வீட்டுக்குப் போனேன். தெருவே கூடியிருந்தது. இந்த அம்மா ஒப்பாரி வைத்தால் ஊரே கிடுகிடுக்கும் என்று பெண்கள் எதிர்பார்த்திருப்பார்கள் போல. அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. குனிந்து, "என்ன மதினி?" என்றேன்.

"அவுக செருப்பு அந்தக் குடோன்லயே கெடக்கு தம்பி. எடுத்தாந்து குடுங்க."

மெல்லிய, சன்னமான குரல். ஒரு சின்னப் பெண்ணின் குரல் மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் இருபது வருடமாக யாரும் கேட்டிராத குரல் அது. அவரைப் பார்த்தபோது வராத அழுகை எனக்கு அந்தக் குரலைக் கேட்டதும் வந்துவிட்டது. வெளியே போய் நின்றுகொண்டேன்.

துப்பாக்கி எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேறொரு வண்டியின் கன்மேன்கள் இரண்டு பேருக்குள் தகராறு. பரீட்சையில் அவர்கள் நேரம் மோசமாக வந்தது. கடைசிக் குண்டு உன்னுடையது, இல்லை உன்னுடையது என்று கொட்டகையிலேயே கட்டிப் புரண்டார்கள். இரண்டு பேர் சேர்ந்து நின்றால் யாருடைய வெடி எது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. புகார் மதுரைக்குப் போனது. இனிமேல் ஒவ்வொருவராகத்தான் நிற்கவேண்டும், அடுத்த பரீட்சைக்கு மேனேஜரே நேரில் வருவார் என்று பதில் வந்தது. தேறாதவர்கள் கையில் துப்பாக்கி இருக்காது.

அவரிடம் இதை நான்தான் சொன்னேன். வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த காலி இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒத்தையில நின்னா நான் யாரப் பாக்க?"

"நான் பின்னால நிக்கிறேண்ணே. கூவுனதும் காலத் தரையில ஓங்கி மிதிக்கிறேன். அதிர்ச்சி தெரியும்ல?"

"மேனேசரு கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? ஒனக்கும் சேத்துச் சீட்டக் கிழிச்சிருவாக. ஒன் வீட்டுல ரெண்டு புள்ளைக. வேணாம்."

நான் எவ்வளவோ சொன்னேன். மசியவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு அந்தக் கொட்டகைக்குப் போனார். கிளப்காரர்கள் வாராவாரம் அன்றைக்குத்தான் சுட்டுப் பழகுவார்கள். ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தோம். என் கையைப் பிடித்து மேலே காட்டினார். எதிர்ச் சட்டத்தில் புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. டைமர் கூவியது. புறாக்கள் படபடவென்று எழும்பின. அதற்குப் பிறகுதான் துப்பாக்கி வெடித்தது.

"பாத்தியா? கூவுனா அடுத்தது வெடின்னு அதுகளுக்குத் தெரிஞ்சு போச்சு. மொதல்ல பொறாதேன் எந்திரிக்குது. அப்பறந்தேன் மனுசன்."

"என் தோளவிட வேகமா?"

"பொறா ஒன்னிய மாதிரி சோம்பேறி இல்ல. அதோட, பொறாவ எவனும் வேலைய விட்டுத் தூக்க முடியாது."

வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கும் முன்பே அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரே ஒரு சிக்கல். முதல் வெடியில் புறாக்கள் சன்னல் வழியாக வெளியேறிவிடும், திரும்பிவர நெடுநேரம் ஆகும். அதனால் அவர் முதல் ஆளாக நிற்கவேண்டும். செயலாளரிடம் போய், "மொத ஆளா என்னிய விட்டுருங்க சார்," என்று கேட்டுக்கொண்டார். எதிலும் கடைசியாக வருகிறவர் இப்படிக் கேட்டதில் செயலாளருக்கு ஒரே சந்தோஷம். அந்த நேரம் நானும் நம்பிவிட்டேன். இன்னொரு வருடம் ஓட்டிவிடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டே திரும்பினோம்.

பரீட்சையன்று மேனேஜர் வெள்ளைச் சட்டையில் வந்திறங்கினார். செயலாளர் மாலை போடாத குறையாகக் கூட்டிவந்தார். உள்ளே நுழைந்ததுமே தரை கழுவிவிட்ட ஈரம் காலில் பட்டது. சட்டென்று மேலே பார்த்தேன். இரும்புச் சட்டங்கள் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. சன்னல்களில் எல்லாம் வைகை அணையிலிருந்து வாங்கிவந்த மீன்வலையை இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"போன தடவ உங்க கழுத்துல போட்ட மாதிரி சார் சட்டையில போட்டுடுச்சுன்னா?" என்றார் செயலாளர் என்னிடம். "ரெண்டு நாளா ஆள் வச்சு ஒண்ணுவிடாம வெரட்டியாச்சு."

முதல் ஆளாகச் சுடவேண்டிய அவர் அதற்குள் கோட்டுக்குப் போய்விட்டார். எதிர்ச் சட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அவர்தான் கண்ணைப் பார்க்காதவராயிற்றே. திரும்பி, இரண்டு தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியை மூடினார். நாங்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால் நின்றோம். எதிரே அட்டையும் மண்மேடும் மட்டும்.

"ரெடியா?" என்று செயலாளர் உரக்கக் கேட்டார்.

"ரெடி சார்."

பட்டனை அமுக்கினார். அன்றைக்குப் பார்த்து அது சீக்கிரமே கூவிவிட்டது. அவர் அசையவில்லை. துப்பாக்கி தாழ்ந்தே இருந்தது. தோள்கள் தளர்வாக, நல்ல நிதானத்தில், ஒரு குற்றம் சொல்லமுடியாத நிலையில் நின்று காத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, மெஷின் ரிப்பேரா?" என்றார் மேனேஜர்.

செயலாளர் பெட்டியைத் தன் காதோரம் வைத்து இன்னொரு முறை அமுக்கினார். மூடி மாட்டியிருந்த எங்கள் எல்லோருக்குமே கணீரென்று கேட்டது. பிறகு அவருடைய காதுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து மறுபடியும் அமுக்கினார். கூவியது. அவர் காத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கால் துடித்தது. மிதித்துவிடலாமா என்று தூக்கியும்விட்டேன். மேனேஜர் என்னை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். அப்புறம் மிதித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. கூவி முடிந்துவிட்டது.

பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ, அவர் தானாகவே துப்பாக்கியைத் திறந்தார். வெடிக்காத இரண்டு தோட்டாவையும் எடுத்து மேஜைமேல் நிறுத்தி வைத்தார். குழலைத் தரைப்பக்கம் தாழ்த்திக்கொண்டு திரும்பினார். செயலாளரின் வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது. மேனேஜரின் வாயைப் பார்த்தார். அதுவும் மூடியிருந்தது. கடைசியில் என்னிடம் வந்தார்.

"தம்பி, பெட்டி அடிச்சிருச்சா?"

சன்னமாகப் பேசினால் அவரை இன்னொரு முறை கேட்கவைக்க வேண்டியிருக்கும். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்து, கொட்டகை முழுக்க எதிரொலிக்கும்படி சொன்னேன்.

"அடிச்சிருச்சுண்ணே."

அவருக்குக் கேட்டது.